ஈஸ்ட் செல்லுக்குள் கொழுப்புத் துளிகளைப் பார்ப்பது எப்படி: வேலூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எம்.எஸ்சி. முதல் வருடம் சேர்ந்து, புராஜெக்டுக்கு ‘லிப்பிட்’ என்று ஒரு தலைப்பு கையில் கிடைத்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காடு முழுக்க உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் துறை உள்ள கல்லூரிகள் நிறைய. எல்லா இடத்திலும் விலை உயர்ந்த கருவி இருக்காது. இங்கே சொல்லும் வேலைகளில் ஒன்றுக்கு மட்டும் ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப் வேண்டும். மற்றவை சாதாரண மைக்ரோஸ்கோப், இன்குபேட்டர், ஷேக்கர், சென்ட்ரிஃபியூஜ், ஃபியூம் ஹுட், சிலிக்கா தட்டு, கண்ணாடிக் குழாய் இருந்தால் நடந்துவிடும்.

செய்வதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது

செல்லில் கொழுப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் சவ்வைச் சொல்வோம். சவ்வில் இருப்பது பெரும்பாலும் பாஸ்போலிப்பிட், அதோடு ஸ்டெரால் (கொலஸ்ட்ரால் இந்த வகைதான்). இவை தவிர செல் ஒதுக்கி வைக்கும் கொழுப்பு ஒன்று உண்டு. அதுதான் லிப்பிட் துளி. நடுவே எண்ணெய், சுற்றிலும் ஒரே ஒரு அடுக்கு பாஸ்போலிப்பிட், அந்த அடுக்கில் பதிந்த சில புரதங்கள், அவ்வளவுதான் அமைப்பு. மற்ற உறுப்புகளுக்கு இரட்டை அடுக்குச் சவ்வு, துளிக்கு மட்டும் ஒற்றை அடுக்கு. உள்ளே நீர் இல்லாததால் ஒன்றே போதும். ஈஸ்ட் செல்லின் குறுக்களவு ஏறக்குறைய 5 மைக்ரான், அதற்குள் துளி அரை மைக்ரான் அளவுக்கும் கீழே. நம் உடலின் கொழுப்புச் செல்லிலோ ஒரே துளி 100 மைக்ரான் வரை வளர்ந்து செல் முழுவதையும் அடைத்துக்கொள்ளும்.

நடுவில் இருக்கும் எண்ணெயில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று ட்ரைகிளிசரைடு: கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலம் சேர்ந்தது. இன்னொன்று ஸ்டெரால் எஸ்டர்: ஸ்டெராலின் ஹைட்ராக்சில் முனையில் ஒரு கொழுப்பு அமிலம் சேர்ந்தது. ஏன் இப்படிக் கட்டி வைக்க வேண்டும்? தனியாகத் திரியும் கொழுப்பு அமிலம் சோப்பு மாதிரி வேலை செய்து சவ்வைக் கெடுக்கும். கட்டுப்படாத ஸ்டெரால் அளவுக்கு மீறினால் எண்டோபிளாச வலையின் சவ்வு விறைத்துப்போகும். எஸ்டராக்கிவிட்டால் இரண்டுமே சவ்வில் தங்க முடியாத எண்ணெயாகி, துளிக்குள் போய்ச் சேரும். தேவைப்படும்போது நொதிகள் வெட்டி எடுத்துக்கொடுக்கும்.

ஈஸ்ட்டில் இந்தக் கட்டும் வேலையைச் செய்ய நான்கு நொதிகள். டிஜிஏ1, எல்ஆர்ஓ1 இரண்டும் ட்ரைகிளிசரைடுக்கு. ஏஆர்இ1, ஏஆர்இ2 இரண்டும் ஸ்டெரால் எஸ்டருக்கு. நான்கு ஜீனையும் நீக்கிவிட்டால் ஒரு துளிகூட உருவாகாது, ஆனாலும் ஈஸ்ட் சாகாது. அதே செல்லுக்கு ஒலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை ஊட்டினால்தான் திணறும். துளி எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை. வசதியான காலத்தில் துளி இல்லாமலும் காலம் தள்ளலாம், கொழுப்பு மிதமிஞ்சி வரும் நேரத்தில் முடியாது.

துளி பிறக்கும் இடம் எண்டோபிளாச வலை. சவ்வின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே எண்ணெய் சேர்ந்து, சிறு வில்லையாகி, சைட்டோபிளாசம் பக்கம் புடைத்து வெளியே வரும். புடைக்கும் இடத்தில் சீபின் என்ற புரதம் வளையமாக நின்று, எண்ணெய் ஒழுங்காகத் துளிக்குள் போகும்படி பார்த்துக்கொள்கிறது. ஈஸ்ட்டில் 10 மூலக்கூறு, மனிதரில் 11, பழ ஈயில் 12 சேர்ந்து அந்த வளையம். சீபின் இல்லாத ஈஸ்ட்டில் சில செல்லில் ராட்சதத் துளி, சில செல்லில் பொடிப்பொடியாகக் கொத்து. மனிதரில் அந்த ஜீன் பழுதானால் குழந்தை தோலடிக் கொழுப்பே இல்லாமல் பிறக்கும். வைக்க இடமில்லாத கொழுப்பு ஈரலில் சேரும், சின்ன வயதிலேயே சர்க்கரை நோய் வரும். உடம்பில் கொழுப்பு இருப்பது மட்டுமே கெடுதல் என்று நினைப்பவர்கள் இந்த நோயைப் பற்றிக் கொஞ்சம் படிக்க வேண்டும்.

அடுத்து, ஸ்டெராலாக மாறுவதற்கு முந்தைய முன்னோடிப் பொருட்கள். அசிட்டைல் கோ-ஏவில் தொடங்கி நீண்ட பாதை வழியாக 30 கார்பன் கொண்ட ஸ்குவாலின் உருவாகிறது. அதற்கு ஆக்சிஜன் சேர்த்து, வளையங்களாக மடித்தால் லனோஸ்டெரால். அங்கிருந்து பல படிகள் தாண்டி ஈஸ்ட்டில் எர்கோஸ்டெரால், நம்மிடம் கொலஸ்ட்ரால். இந்தப் பாதையைக் கண்டறிந்ததில் பெரும் பங்கு கான்ராட் பிளாக்குக்கு. 1964இல் ஃபியோடர் லைனனோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

பாதையின் நடுவில் நிற்கும் லனோஸ்டெரால், சைமோஸ்டெரால் போன்றவற்றையும் ஈஸ்ட் எஸ்டராக்கித் துளிக்குள் வைக்கும். சவ்வில் இருப்பது பெரும்பாலும் முழுமையடைந்த எர்கோஸ்டெரால். துளியில் இருக்கும் எஸ்டர்களில் இந்த அரைகுறைகளின் பங்கு கூடுதல். ஏஆர்இ2 நொதிக்கு எர்கோஸ்டெரால்தான் பிடிக்கும், ஏஆர்இ1 முன்னோடிகளையும் எடுத்துக்கொள்ளும். ஸ்குவாலினின் கதை வேறு. அதில் ஹைட்ராக்சில் முனையே கிடையாது, வெறும் ஹைட்ரோகார்பன், அதனால் எஸ்டராக்க முடியாது. நேராகத் துளியின் எண்ணெயில் கரைந்து நிற்கும். துளியே இல்லாத ஈஸ்ட்டில் அது சவ்வுகளுக்குள் போய் உட்காரும், செல்லும் அதைத் தாங்கிக்கொள்ளும்.

வீட்டுக் குதிரில் சாப்பாட்டு நெல்லோடு விதைநெல்லும் இருப்பதுபோல, துளியில் இருப்பதும் எரிபொருள் மட்டும் இல்லை. பட்டினி வந்தால் கொழுப்பு அமிலத்தை எரிக்கலாம். புது உணவு கிடைத்துச் செல் இரண்டாகப் பிரியத் தொடங்கினால் அதே கொழுப்பு அமிலமும் ஸ்டெராலும் புதுச் சவ்வு கட்டப் போகும். ஆகவே துளியின் எண்ணிக்கை நேரத்துக்கு நேரம் மாறும். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் கீழும் செல் எந்த நேரத்தில், எந்த வளர்ச்சி நிலையில் இருந்தது என்று எழுதியிருக்க வேண்டும். அது இல்லாத படத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: மல்லாட்டை

ஈஸ்ட்டுக்குப் போகும் முன் கண்ணைப் பழக்க வேர்க்கடலையைவிட நல்ல பொருள் கிடையாது. நம் ஊர் மானாவாரி நிலத்தில் விளையும் மல்லாட்டைப் பருப்பின் எடையில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய். அது முழுவதும் விதையிலையின் செல்களுக்குள் ஒரு மைக்ரான் அளவுத் துளிகளாக இருக்கிறது. ஒலியோசின் என்ற புரதம் மேலே போர்த்தியிருப்பதால் விதை காய்ந்து கிடக்கும் மாதக்கணக்கிலும் துளிகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை.

வறுக்காத பருப்பாக வாங்குங்கள். நேதாஜி மார்க்கெட்டில் நூறு கிராம் வாங்கினால் வகுப்புக்கே போதும். மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்து, புது பிளேடால் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவல் எடுக்க வேண்டும். 70 சதவீத ஆல்கஹாலில் கரைத்து வடிகட்டிய சூடான் III சாயத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம் போட்டு, 50 சதவீத ஆல்கஹாலில் ஒரு முக்கு முக்கி எடுத்து, கிளிசரினில் வைத்துப் பாருங்கள். 40எக்ஸ் லென்ஸில் செல்லுக்குள் ஆரஞ்சு நிறப் பொடிகள் தெரியும்.

சீவலின் ஓரத்தில் பெரிய பெரிய ஆரஞ்சு முத்துகள் மிதக்கும். பார்க்க அழகாக இருக்கும், எல்லோரும் அதைத்தான் படம் பிடிப்பார்கள். ஆனால் அவை பிளேடு கிழித்த செல்களிலிருந்து கொட்டி ஒன்றாகிப்போன எண்ணெய். செல்சுவர் முழுதாக மூடியிருக்கும் உள்பகுதிக்கு ஸ்லைடை நகர்த்துங்கள், அங்கே இருப்பவைதான் உண்மையான துளிகள். ஆல்கஹாலில் அதிக நேரம் விட்டால் கொழுப்பும் சேர்ந்து கரையும் என்பதும் நினைவிருக்கட்டும். மருத்துவமனை நோய்க்குறியியல் ஸ்லைடுகளில் கொழுப்பு ஈரல் வெள்ளை ஓட்டைகளாகத் தெரிவதற்கும் இதுதான் காரணம்: பாரஃபினில் பதிக்கும்போது ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பை இழுத்துக்கொண்டு போய்விடும். கொழுப்பையே பார்க்க வேண்டுமென்றால் உறையவைத்து வெட்டிய சீவலில் ஆயில் ரெட் ஓ என்ற சாயம் போடுவார்கள்.

ஈஸ்ட் வளர்ப்பு

பேக்கரி சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் உலர் ஈஸ்ட் போதும், ஆனால் பாக்கெட்டிலிருந்து நேராக ஸ்லைடுக்குப் போகாதீர்கள். உலர் ஈஸ்ட்டில் சார்பிட்டான் மோனோஸ்டியரேட் என்ற குழம்பாக்கி கலந்திருக்கும், பாக்கெட் பின்னால் ஈ491 என்று அச்சிட்டிருப்பார்கள். அதுவும் கொழுப்பு அமில எஸ்டர்தான், உங்கள் முடிவைக் குழப்பும். ஒரு சிட்டிகையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ஒய்பிடி அகார் தட்டில் கோடிழுத்து, இரண்டு நாளில் வரும் தனிக் காலனியிலிருந்து தொடங்குங்கள். ஒய்பிடி என்பது ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 1 சதவீதம், பெப்டோன் 2, டெக்ஸ்ட்ரோஸ் 2.

வளர்க்க 30 டிகிரி வேண்டும். இங்கேதான் வேலூர் வெயில் குறுக்கே வரும். சாதாரண இன்குபேட்டர் சூடாக்க மட்டுமே செய்யும், அறையைவிடக் கீழே குளிர்விக்காது. ஏப்ரல், மே மாதத்தில் வெளியே 40 டிகிரி தாண்டும்போது 30க்கு வைத்த இன்குபேட்டரின் உள்ளே என்ன இருக்கும் என்று ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். குளிர்விக்கும் வசதியுள்ள பிஓடி இன்குபேட்டர் துறையில் எங்காவது இருக்கும், கேட்டு வாங்குங்கள். வெப்பத்தில் தவிக்கும் ஈஸ்ட்டின் கொழுப்பு வேறு மாதிரி இருக்கும், உங்கள் முடிவு டிசம்பரில் ஒன்று, மேயில் ஒன்று என்று வரும்.

குடுவையின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாமல், ஷேக்கரில் நிமிடத்துக்கு 180 முதல் 200 சுற்று வைத்து ஆட்டுங்கள். ஈஸ்ட்டுக்குக் காற்று வேண்டும், ஸ்டெரால் செய்வதற்கு இன்னும் அதிகமாக வேண்டும். ஸ்குவாலினைத் தாண்டிப் போகும் படியே ஆக்சிஜனால்தான் நடக்கிறது. நடுவில் கரண்ட் போய் ஷேக்கர் நின்றுவிட்டால் ஈஸ்ட் அடியில் படிந்து, சில நிமிடத்தில் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். எத்தனை மணிக்குப் போனது, எப்போது வந்தது என்று நோட்டில் குறியுங்கள். ஸ்டெரால் சம்பந்தப்பட்ட வேலையாக இருந்தால் அந்தக் குடுவையை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவது நல்லது.

இரண்டு நிலையில் மாதிரி எடுக்க வேண்டும். வேகமாகப் பிரியும் நிலையில் ஒன்று, அதாவது 600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி (வளர்ப்பு எவ்வளவு கலங்கலாக இருக்கிறது என்ற அளவு) 0.5க்கும் 1க்கும் நடுவே இருக்கும்போது. வளர்ச்சி நின்றுபோன 48 மணி நேர மாதிரி இன்னொன்று. முதலாவதில் துளி குறைவாகவும் இரண்டாவதில் நிறையவும் இருக்கும். இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் சாயத்திலோ ஃபில்டரிலோ ஏதோ தவறு; அதைச் சரிசெய்யாமல் அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டாம்.

சாயமும் மைக்ரோஸ்கோப்பும்

நைல் ரெட் என்ற ஒளிரும் சாயம் 1985 முதலே துளிகளுக்குப் பயன்பட்டுவருகிறது, விலையும் தாங்கும். தண்ணீரில் ஏறக்குறைய ஒளிராது, எண்ணெயில் கரைந்ததும் பளிச்சென்று ஒளிரும். ஒரு மில்லிகிராமை ஒரு மில்லி அசிட்டோனில் கரைத்து, அலுமினியத் தாளில் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். செல்களைச் சென்ட்ரிஃபியூஜில் இறக்கி, ஊடகத்தை நீக்கி, உப்பு பஃபரில் இரண்டு முறை கழுவி, ஒரு மில்லி பஃபரில் கலக்கிக்கொள்ளுங்கள். அதில் இரண்டு மைக்ரோலிட்டர் சாயம், இருட்டில் பத்து நிமிடம். கூடுதலாகப் போட்டால் நன்றாகத் தெரியும் என்று தோன்றும், தெரிவது பின்னணிதான்.

செல்லைப் பதப்படுத்த வேண்டிய கட்டாயம் இருந்தால் ஃபார்மால்டிஹைடு 3.7 சதவீதம் போடலாம். மெத்தனாலோ அசிட்டோனோ பதப்படுத்தப் பயன்படுத்தவே கூடாது, துளிகள் கரைந்தும் கலந்தும் போய்விடும். முடிந்தவரை உயிருள்ள செல்லையே பாருங்கள்.

ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப் உங்கள் கல்லூரியில் இல்லையென்றால், இருக்கும் பெரிய நிறுவனங்களில் துறைத்தலைவர் கடிதத்தோடு ஒரு மணி நேரம் கேளுங்கள். போகும் முன் எல்லா மாதிரியும் தயாராக இருக்கட்டும், சாயம் மட்டும் அங்கே போய்ப் போடுங்கள். நீல ஒளியில் தூண்டி மஞ்சள்-பச்சை ஒளியைப் பிடிக்கும் ஃபில்டரைக் கேட்க வேண்டும். பெயரில் ரெட் இருக்கிறதே என்று பச்சையில் தூண்டிச் சிவப்பில் பார்த்தால் சவ்வுகளும் சேர்ந்து ஒளிரும், செல் முழுக்க மங்கலான சிவப்பாக இருக்கும். மஞ்சள்-பச்சையில் துளி மட்டும் தனியாகத் தெரியும். 100எக்ஸ் ஆயில் லென்ஸ் வேண்டும். லென்ஸ் எண்ணெய் கவர்ஸ்லிப்புக்குக் கீழே கசியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் சாயம் குடித்துத் துளியாகவே காட்சி தரும்.

சாயம் போடாத செல்லை முதலில் பாருங்கள். செல்லுக்கு இயல்பாகவே உள்ள ஒளிர்வு எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். செல் முழுக்கச் சீராக ஒளிர்ந்தால் அது இறந்த செல், எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். சாயம் சீக்கிரம் மங்கும், எனவே ஃபோகஸைச் சாதாரண ஒளியில் பிடித்துவிட்டு, ஃப்ளோரசன்ஸைத் திறந்து உடனே படம் எடுங்கள். ஒரு மாதிரிக்குக் குறைந்தது நூறு செல்லாவது எண்ண வேண்டும். கோப்புகளின் பெயரை நண்பர் ஒருவரிடம் மாற்றித் தரச் சொல்லி, எது எந்த மாதிரி என்று தெரியாமலே எண்ணுங்கள். எதிர்பார்ப்பு கண்ணை ஏமாற்றுவது இந்த வேலையில் ரொம்ப எளிது. துளியின் விட்டத்தை அளக்க முயல வேண்டாம். ஒளி மைக்ரோஸ்கோப் பிரித்துக் காட்டக்கூடிய எல்லையே 0.2 மைக்ரான் அளவில் இருக்கிறது, துளி அதைவிடக் கொஞ்சம்தான் பெரியது. படத்தில் தெரியும் அகலத்தில் ஒரு பங்கு ஒளியின் பரவல்.

அப்புறம் சுவாரசியமான பரிசோதனை. 48 மணி நேர ஈஸ்ட்டைக் கழுவிப் புது ஒய்பிடியில் ஒளியடர்த்தி 1 வரும்படி கலக்கி, தொடக்கத்திலும், ஒன்று, இரண்டு, நான்கு மணி நேரத்திலும் பாருங்கள். துளிகள் குறைந்துகொண்டே வரும். டிஜிஎல்3, டிஜிஎல்4 முதலான நொதிகள் ட்ரைகிளிசரைடை வெட்டுகின்றன, கிடைக்கும் கொழுப்பு அமிலம் மொட்டு விடும் செல்லின் புதுச் சவ்வுக்குப் போகிறது. ஆனால் செல் இரண்டாகப் பிரிந்தால் துளிகளும் பங்கு பிரியும், எதுவுமே வெட்டப்படாமலே செல்லுக்குச் சராசரி பாதியாகிவிடும். குறைந்தது செலவானதாலா, பங்கு பிரிந்ததாலா என்று மைக்ரோஸ்கோப் சொல்லாது. அதைச் சொல்வதற்குத்தான் அடுத்த வேலை.

சிலிக்கா தட்டு: எந்தக் கொழுப்பு என்று கேட்பது

சாயம் எண்ணெய் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். ட்ரைகிளிசரைடா, ஸ்டெரால் எஸ்டரா, ஸ்குவாலினா என்று அதற்குத் தெரியாது. நைல் ரெட் படத்தைக் காட்டி ‘ஸ்டெரால் எஸ்டர் கூடியது’ என்று எழுதிய புராஜெக்ட் அறிக்கைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு நாள் கூடுதலாகச் செலவிட்டு டிஎல்சி (சிலிக்கா தட்டில் கரைப்பானை ஏறவிட்டுக் கொழுப்பு வகைகளைப் பிரிக்கும் முறை) ஓட்டியிருந்தால் அந்த வாக்கியத்துக்கு ஆதாரம் கிடைத்திருக்கும்.

ஒவ்வொரு நேரத்திலும் வளர்ப்பிலிருந்து ஒரே கன அளவு எடுங்கள். செல் பிரிவதால் மட்டும் குடுவையில் உள்ள மொத்த ட்ரைகிளிசரைடு குறையாது. தட்டில் ட்ரைகிளிசரைடு புள்ளி வெளுத்திருந்தால் அது செலவாகியிருக்கிறது. செல்லை இறக்கி, கழுவி, கண்ணாடிக் குழாயில் குளோரோஃபார்ம் இரண்டு பங்கு, மெத்தனால் ஒரு பங்கு சேர்த்து, அரை மில்லிமீட்டர் கண்ணாடி மணிகளோடு நன்றாகக் குலுக்க வேண்டும். ஈஸ்ட்டின் சுவர் கெட்டியானது, மணி இல்லாமல் உடையாது. பிளாஸ்டிக் குழாய் கூடாது. குளோரோஃபார்ம் பிளாஸ்டிக்கிலிருந்து எண்ணெய்ப் பசைப் பொருட்களை இழுத்து வந்து தட்டில் பொய்ப் புள்ளி காட்டும். சாற்றில் ஐந்தில் ஒரு பங்கு உப்புத் தண்ணீர் சேர்த்தால் இரண்டு அடுக்காகப் பிரியும், கீழடுக்கு உங்களுடையது. அதை எடுத்து ஆவியாக்கி, மிஞ்சுவதை மிகக் கொஞ்சம் குளோரோஃபார்மில் கரைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஃபியூம் ஹுட்டுக்குள். மிச்ச குளோரோஃபார்மை சிங்கில் ஊற்றாமல் லேபிள் ஒட்டிய பாட்டிலில் சேருங்கள். பாலாறு பட்டது போதும்.

ஓட்டும் கரைப்பான் ஹெக்சேன் 80, டைஎத்தில் ஈதர் 20, அசிட்டிக் அமிலம் 1. டைஎத்தில் ஈதர் 34.6 டிகிரியில் கொதிக்கும். குளிர்சாதனம் இல்லாத நம் ஊர் ஆய்வகத்தில் மே மாத மதியம் அறையே அதைவிடச் சூடு. மூடியைத் திறந்ததும் பாட்டில் சீறும், கலவையின் விகிதம் கையிலேயே மாறிவிடும், தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. கோடையில் காலை எட்டு மணிக்குள், ஏசி உள்ள அறையின் ஹுட்டில் மட்டும் செய்யுங்கள். பக்கத்தில் பர்னர் எரியக் கூடாது. திறந்து வெகுநாளான ஈதர் பாட்டிலைத் தொடாதீர்கள், அதில் வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேர்ந்திருக்கலாம்.

தட்டில் அடியிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் மேலே பென்சிலில் மட்டும் கோடு போடுங்கள், பேனா மை ஓடிவிடும். மாதிரிகளோடு ஒப்பிட மூன்று பாதை (தட்டில் ஒவ்வொரு பொருளும் மேலேறும் தடம்) வேண்டும். ட்ரைகிளிசரைடுக்குச் செக்கு கடலை எண்ணெய். ஸ்டெரால் எஸ்டருக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் லனோலின். ஆட்டு ரோமத்தின் அந்த மெழுகில் கொலஸ்ட்ராலும் லனோஸ்டெராலும் எஸ்டராகவே இருக்கின்றன. ஸ்குவாலினுக்குச் சின்ன பாட்டில் ஒன்று வாங்கிவிடலாம். எல்லாவற்றையும் நீர்க்கக் கரைத்து வையுங்கள், எண்ணெயை அப்படியே வைத்தால் பாதை முழுக்க வழியும்.

தட்டை ஓரத்தில் பிடியுங்கள், கையுறை போடுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மனிதத் தோலின் எண்ணெய்ப் பசையில் சுமார் 12 சதவீதம் ஸ்குவாலின். நீங்கள் தேடும் அதே பொருள் உங்கள் விரல் நுனியில் இருக்கிறது, வியர்க்கும் ஊரில் தாராளமாக. நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரு பாதையில் வேண்டுமென்றே, நெற்றியைத் தடவிய விரலால் தொடக்கக் கோட்டில் லேசாக ஒற்றி ஓட்டிப் பாருங்கள்.

கரைப்பான் மேல் விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வந்ததும் எடுத்து, எல்லையைக் குறித்து, உலர்த்தி, அயோடின் படிகங்கள் போட்ட மூடிய ஜாடியில் வையுங்கள். பழுப்புப் புள்ளிகள் எழும். தொடக்கக் கோட்டிலேயே நிற்பது பாஸ்போலிப்பிட். கொஞ்சம் மேலே கட்டுப்படாத ஸ்டெரால், அதற்கு மேல் கொழுப்பு அமிலம், நடுவுக்கு மேல் ட்ரைகிளிசரைடு, அதையும் தாண்டி ஸ்டெரால் எஸ்டர், உச்சியில் ஸ்குவாலின். கடலை எண்ணெய் பழையதாக இருந்தால் கொழுப்பு அமிலப் புள்ளி ஒன்று கூடவே வரும். அயோடின் கறை நிற்காது, எனவே வெளியே எடுத்த உடன் பென்சிலால் சுற்றிக் குறித்து, ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள்.

அயோடின் இரட்டைப் பிணைப்புள்ள இடத்தில்தான் நன்றாகப் பிடிக்கும். ஸ்குவாலினில் ஆறு இரட்டைப் பிணைப்பு, அதனால் கொஞ்சம் இருந்தாலும் கருத்துப்போகும். ஸ்குவாலின் புள்ளி ட்ரைகிளிசரைடு புள்ளியைவிடக் கருப்பு, ஆகவே அளவும் அதிகம் என்று எழுத முடியாது. ஒரே வகைப் புள்ளியைப் பாதைக்குப் பாதை ஒப்பிடலாம், அதுவும் ஒரே தட்டில் ஓட்டியிருந்தால்.

ஸ்குவாலினைத் தேங்கவைப்பது

படர்தாமரைக்குத் தரும் டெர்பினாஃபின், ஸ்குவாலினுக்கு ஆக்சிஜன் சேர்க்கும் நொதியைத் தடுக்கிறது. பாதை அங்கே அடைபட, முன்னால் இருக்கும் ஸ்குவாலின் தேங்குகிறது. நாம் பார்க்க நினைப்பதும் அதைத்தான்.

மாத்திரையைப் பொடித்துப் போட வேண்டாம், அதில் மருந்தைவிட மற்றது அதிகம். தூய பொடியை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரையுங்கள். பேக்கரி ஈஸ்ட் தோல் பூஞ்சையைப்போல இந்த மருந்துக்கு எளிதில் அடங்காது. மில்லிக்குச் சில மைக்ரோகிராமில் தொடங்கி இரண்டிரண்டு மடங்காக ஏற்றி, வளர்ச்சி மந்தமாகியும் முழுவதும் நின்றுவிடாத அளவைக் கண்டுபிடியுங்கள். அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட குடுவை பக்கத்திலேயே ஓட வேண்டும். மிச்ச மருந்து வளர்ப்பை அப்படியே வெளியே கொட்டாமல் ஆய்வகக் கழிவாகத் தனியே ஒப்படையுங்கள். டெர்பினாஃபினுக்கு அசையாத படர்தாமரை நம் நாட்டில் பரவிவருகிறது, அந்தப் பூஞ்சைகளில் மாறியிருப்பது இதே நொதியின் ஜீன்.

மருந்து கிடைக்காவிட்டால் காற்றைக் குறைத்தும் இதைச் செய்யலாம். ஒரு குடுவை வழக்கம்போல ஆடட்டும். இன்னொரு பாட்டிலில் விளிம்புவரை ஊடகம் ஊற்றி, ஆட்டாமல் வையுங்கள். மூடியை இறுக்கினால் நொதிக்கும் வாயுவில் பாட்டில் வெடிக்கும், மூடியில் குழாய் செருகி அதன் மறுமுனையைத் தண்ணீரில் முக்கிவிடுங்கள். ஆக்சிஜன் தீர்ந்ததும் ஸ்குவாலினிலிருந்து மேலே போக வழியில்லாமல் ஈஸ்ட்டில் அது சேரும்.

இரண்டு குடுவையிலிருந்தும் ஒரே ஒளியடர்த்தி அளவுக்குச் செல் எடுத்து ஒரே தட்டில் ஓட்டுங்கள். உச்சிப் புள்ளி கருத்து, ஸ்டெரால் எஸ்டர் புள்ளி வெளுத்திருந்தால், பாதை அடைபட்டதும் செல் சேமிப்பிலிருந்த எஸ்டரை வெட்டி ஸ்டெராலை எடுத்துக்கொண்டது என்று கருத இடமுண்டு. ஈஸ்ட்டில் அதைச் செய்வது ஒய்இஎச்1, ஒய்இஎச்2, டிஜிஎல்1 என்ற மூன்று நொதிகள். எஸ்டர் புள்ளி அப்படியே இருந்து உச்சி மட்டும் கருத்திருந்தால், மருந்து சேர்த்த பிறகு செல் எத்தனை முறை பிரிந்தது என்பதை முதலில் பாருங்கள். பிரியவே இல்லையென்றால் புதுச் சவ்வுக்கு ஸ்டெரால் தேவைப்பட்டிருக்காது. அடுத்த தடவை மருந்தின் செறிவைப் பாதியாக்கி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாதிரி எடுங்கள்.